கரிசல் மண்ணில் ரஸ்தா: சுண்ணாம்பும் ஆலைச் சாம்பலும்

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்காகச் செய்யப்பட்ட பிரசங்கம்

கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் பூமியில் குடியிருப்பவர்களுக்கு, ஐப்பசி மாதத்துப் பாதை எப்படியிருக்கும் என்று வேறொருவர் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. இரண்டு மழை பெய்ததும் மண் களியாகி விடுகிறது. சக்கரத்தில் அப்பிய களி சக்கரத்தையே சுற்ற விடாமல் பிடித்துக் கொள்ளுகிறது. பால் வண்டி பெரிய ரஸ்தாவிலேயே நின்று விடுவதால், பாற்குடங்களைத் தலைமேல் சுமந்து, முழங்காலளவு சேற்றில் நடந்து சேர்ப்பிக்க வேண்டியிருக்கிறது. சேருவதற்குள் பால் திரிந்து போனால் நஷ்டம் மாட்டுக்காரருடையது. சங்கத்துக்கு வரும் உர மூட்டைகளை லாரிக்காரர் ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிட்டுப் போகிறார். அங்கிருந்து கிடங்குக்குக் கொண்டுவர இரண்டாவது தடவை கூலி கொடுக்கப்படுகிறது. பிரசவ வேதனையில் இருப்பவளைக் கட்டிலோடு தூக்கிக் கொண்டு ஓடிய ஊர்களும் உண்டு. இந்த நஷ்டங்களில் எதுவும் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் தனித் தலைப்பில் ஏறுவதில்லை. ஆனால் வருஷந்தோறும் குடியானவர் கையிலிருந்து கழிந்து கொண்டுதான் இருக்கிறது.

இவ்வளவுக்கும் காரணமான மண்ணைக் குறை கூறுவதும் நியாயமாகாது. சொற்ப மழையில் பருத்தியையும் கம்பையும் விளைவிப்பது இதே கரிசல்தான். ஜலத்தைத் தன்னுள் இழுத்து நெடுநாள் வைத்துக் கொள்ளும் குணம் பயிருக்கு வரம். ரஸ்தாவுக்கு அதுவே சாபம்.

அந்தக் குணம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று அறிந்து கொள்ளுவது அவசியம். கரிசலில் மான்ட்மோரில்லோனைட் என்னும் ஒருவகைக் களிமண் தாது மிகுதியாயிருக்கிறது. பிரான்சு தேசத்திலுள்ள மான்ட்மோரில்லான் என்னும் ஊரின் பெயரால் அதற்கு அப்பெயர் வந்தது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடுகள் ஒன்றன்மேலொன்று அடுக்கியது போன்ற அமைப்பு அதற்கு உண்டு. மழை பெய்யும்போது அந்த ஏடுகளின் இடுக்கில் ஜலம் புகுந்து அவற்றை விலக்குகிறது, மண் உப்புகிறது. சித்திரை வெயிலில் அந்த ஜலம் வெளியேற, ஏடுகள் மறுபடி ஒட்டிக் கொள்ளுகின்றன. மண் சுருங்கிக் கை நுழையும்படியான வெடிப்புகள் விழுகின்றன. வருஷத்துக்கு ஒரு தடவை உப்பி ஒரு தடவை சுருங்கும் பூமியின்மேல் எவ்வளவு நல்ல ஜல்லியைப் பரப்பினாலும், ஜல்லி களிக்குள் இறங்குவதும், களி ஜல்லியின் இடுக்குகளில் மேலே ஏறுவதும் தடுக்கத்தக்கவையல்ல. புதிதாய்ப் போட்ட தார் ரஸ்தா இரண்டாவது மழைக் காலத்திலேயே அலை அலையாய் மேடு பள்ளமாவதற்கு, அநேக சமயங்களில் மேலே போட்ட தாரின் குற்றத்தைவிடக் கீழேயுள்ள மண்ணின் குற்றமே பெரிது. ஒப்பந்தக்காரரைத் திட்டுவதற்கு முன்பு மண்ணையும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

மண் எவ்வளவு உப்பும் என்பதை அளக்க எளிய பரீட்சையொன்று உண்டு. பள்ளிக்கூடத்து ரசாயன சாலையிலும் அதைச் செய்யலாம். உலர்த்திப் பொடித்துச் சன்னமான சல்லடையில் சலித்த மண்ணில் பத்துப் பத்து கிராமாக இரண்டு பங்கு எடுத்து, அளவுக்கோடு போட்ட இரண்டு கண்ணாடி ஜாடிகளில் போட வேண்டும். ஒன்றில் ஜலமும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் 100 மில்லிலிட்டர் வரை ஊற்றிக் கலக்கி, ஒரு நாள் அசையாமல் வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் களி உப்புவதில்லை, ஜலத்தில் உப்பும். எண்ணெய் ஜாடியில் மண் 10 அளவுக்கும், ஜல ஜாடியில் 18 அளவுக்கும் நின்றால், உப்புதல் நூற்றுக்கு 80 என்று கணக்கு. 50-க்கு மேற்பட்டால் அது ரஸ்தாவுக்கு ஆபத்தான மண் என்று கொள்ளலாம்.

ரஸ்தா இஞ்சினீயர்கள் வேறோர் அளவையும் உபயோகிக்கிறார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து ரஸ்தா இலாகாவில் உண்டானபடியால் அதற்குக் கலிபோர்னியா தாங்குசக்தி விகிதம் என்று பெயர். அச்சில் திமிசுபோட்ட மண்ணை நான்கு நாள் ஜலத்தில் ஊறவைத்து, ஓர் இரும்புத் தண்டை அதற்குள் மெதுவாக அழுத்துவார்கள். நல்ல கருங்கல் ஜல்லியில் அத்தண்டு 2.5 மில்லிமீட்டர் இறங்க 1,370 கிலோ பாரம் வேண்டும். அதை 100 என்று வைத்துக் கொண்டு மற்ற மண்களை ஒப்பிடுகிறார்கள். ஊறிய கரிசல் மண் சாதாரணமாய் 2 அல்லது 3-க்கு மேல் எட்டுவதில்லை. கிராம ரஸ்தாவின் அடித்தளத்துக்கோ 20 வேண்டும், நிர்ப்பந்தமான இடத்தில் 15-ஆவது வேண்டும் என்று இந்திய ரோடு காங்கிரஸின் கிராம ரஸ்தாக் கைந்நூல் விதிக்கிறது. இந்த இடைவெளியை எப்படித் தாண்டுவது என்பதுதான் கேள்வி.

வழக்கமான வழி, மண்ணை ஒதுக்கி விட்டு வெளியிலிருந்து செம்மண் சரளையும் கல்லும் கொண்டு வந்து நிரப்புவது. கல் அண்மையிலுள்ள ஊருக்கு அது நல்ல வழியே. ஆனால் கரிசல் சமவெளியில் கல் குவாரி எட்டாத தூரத்தில் இருக்கும்; கல்லின் விலையைவிட வண்டிச் சத்தம் அதிகமாகிறது. மற்றொரு வழி, இருக்கிற மண்ணையே திருத்திப் பலமுள்ளதாக்கிக் கொள்ளுவது. அதற்குச் சுண்ணாம்பு கைகொடுக்கிறது.

நீற்றின சுண்ணாம்பைக் கரிசல் மண்ணோடு ஜலம் சேர்த்துக் கலந்தால் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. முதலாவது உடனே, சில மணி நேரத்துக்குள் நடப்பது. சுண்ணாம்பிலுள்ள கால்சியம், களியின் ஏடுகளில் ஒட்டியிருக்கும் சோடியம் முதலியவற்றை அகற்றிவிட்டுத் தான் அவ்விடத்தில் அமருகிறது. அதனால் ஏடுகள் ஒன்றோடொன்று நெருங்கிச் சிறு சிறு மணிகளாகத் திரளுகின்றன. கையில் ஒட்டிக் கொண்டிருந்த களி, பொலபொலவென்று உதிரும் மண்ணாகிறது; உப்பும் குணமும் குறைகிறது. இரண்டாவது காரியம் மெதுவாய் நடப்பது. சுண்ணாம்பின் கடுமையான காரத்தில் களியிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து, சுண்ணாம்போடு கூடிப் பசை போன்ற ஒரு புதுப் பொருளாகி இறுகுகின்றன. சிமென்டு இறுகும்போது உண்டாகும் பொருளும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். இந்த இறுகல் வாரக் கணக்கில், மாதக் கணக்கில் நடந்து கொண்டேயிருக்கும். வெப்பமுள்ள தேசத்தில் வேகமாய் நடக்கும். ஆகையால் குளிர் தேசத்தாருக்கு இல்லாத ஒரு சௌகரியம் இவ்விடத்தில் இயற்கையாகவே இருக்கிறது.

இது ஏதோ சீமையிலிருந்து வந்த புதுமை என்று யாரும் எண்ண வேண்டாம். கொத்தனார்கள் சுண்ணாம்போடு சுர்க்கி, அதாவது செங்கற்பொடி, சேர்த்து அரைத்த காரையின் ரகசியமும் இதுவேயாகும். சுட்ட களிமண்ணிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு கூடி ஜலத்தின் அடியிலும் இறுகுகின்றன. மதுரை, இராமநாதபுரம் ஜில்லாக்களுக்கு ஜலம் கொடுப்பதற்காக 1887 முதல் 1895 வரை கட்டப்பட்ட முல்லைப் பெரியாறு அணை, சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கலவையினால் எழும்பியது. அணைக்குச் செங்கற்பொடி செய்த வேலையை ரஸ்தாவுக்கு ஆலைச் சாம்பல் செய்கிறது என்று வைத்துக் கொண்டால் விஷயம் விளங்கிவிடும்.

ஆலைச் சாம்பல் என்றது முக்கியமாய் அனல் மின்சார நிலையத்துச் சாம்பலை. இந்திய நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு வரை சாம்பல் உண்டு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு 1962 முதலும், தூத்துக்குடியில் 1979 முதலும், மேட்டூரில் 1987 முதலும் மின்சாரம் எடுக்கப்பட்டதன் பலனாய்ச் சாம்பல் மலை மலையாய்க் குவிந்தது. அடுப்புச் சாம்பலைப் போன்றதல்ல அது. புகையோடு மேலே பறந்து, மின்சார வடிகட்டியில் பிடிபடுகிற மிக நுண்ணிய தூள். அதில் பெரும்பாகம் சிலிக்காவும் அலுமினாவும் ஆகும். தானாக இறுகும் சக்தி நிலக்கரிச் சாம்பலுக்குப் பெரும்பாலும் கிடையாது. சுண்ணாம்பு சேர்ந்தால்தான் இறுகும். நெய்வேலிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து இயற்கையாகவே சற்று அதிகம். வடிகட்டியிலிருந்து உலர்ந்தபடி எடுத்த சாம்பலுக்கும், ஜலத்தோடு குட்டையில் விட்டுப் படிந்த சாம்பலுக்கும் வித்தியாசம் உண்டென்பதை வாங்குபவர்கள் மறக்கக் கூடாது. குட்டைச் சாம்பல் பருமனானது. இறுகும் வேகமும் குறைவு. கரை நிரப்ப அது போதும், கலவைக்கு உலர் சாம்பலே மேல்.

இந்தச் சாம்பலைச் செங்கல், சிமென்டு, ரஸ்தா முதலிய வேலைகளில் உபயோகிக்க வேண்டுமென்று மத்திய சர்க்கார் 1999-ஆம் வருஷத்தில் உத்தரவு பிறப்பித்தார்கள். நிலையத்துக்கு எவ்வளவு தூரத்துக்குள் நடக்கும் வேலைகள் இதற்குட்பட்டவை என்னும் எல்லை முதலில் 50 கிலோமீட்டர், 2003-ல் 100, 2016-ல் 300 என்று விரிந்தது. ஆகவே சாம்பல் கேட்கப் போகிற கிராமத்தார் தயவு கேட்கிறவர்களல்லர். கொடுக்க வேண்டியவர்களிடம் கேட்கிறவர்களே.

அந்நிய தேசத்து அநுபவத்தையும் ஒரு வார்த்தை சொல்லலாம். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தின் பருத்தி விளையும் கருமண் பிரதேசம் கோவில்பட்டிக் கரிசலுக்குத் தாயாதி போன்றது. இரண்டாவது மகாயுத்தத்தையொட்டி, 1940-களின் பிற்பகுதியில், அங்கே சுண்ணாம்பிட்ட மண் ரஸ்தாக்கள் போட ஆரம்பித்தார்கள். 1974-ல் திறக்கப்பட்ட டல்லாஸ் நகரத்துப் பெரிய விமான நிலையத்தின் அடித்தளமும் சுண்ணாம்பிட்டுத் திருத்திய களிமண்ணே. இந்தியாவில், 1934-ல் ஸ்தாபிக்கப்பட்ட ரோடு காங்கிரஸ், சுண்ணாம்பும் நிலக்கரிச் சாம்பலும் சேர்ந்த மண் தளத்துக்கு 1984-லும், சுண்ணாம்பு மட்டும் சேர்ந்ததற்கு 1992-லும் விதிகள் வெளியிட்டது; 2010-ல் மண் திருத்தும் முறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான விதிகளும் வந்தன. ஆகவே, விதி இல்லை என்று யாரேனும் பதில் சொன்னால் அது சரியான பதிலன்று.

எவ்வளவு சுண்ணாம்பு போடுவது? இதில் ஊகத்துக்கு இடமில்லை. சாதாரணமாய் உலர்ந்த மண்ணின் நிறையில் நூற்றுக்கு 3 முதல் 8 வரை வேண்டியிருக்கும். அந்தந்த மண்ணுக்கு வேண்டிய அளவை அறிய, ஈட்ஸ், கிரிம் என்னும் இரு அமெரிக்கர்கள் 1966-ல் வெளியிட்ட பரீட்சை இன்றும் பழக்கத்தில் இருக்கிறது. 20 கிராம் மண்ணாகப் பல புட்டிகளில் போட்டு, ஒன்றில் நூற்றுக்கு 2, ஒன்றில் 3, ஒன்றில் 4 என்று சுண்ணாம்பை ஏற்றிக் கொண்டு போய், 100 மில்லிலிட்டர் சுத்த ஜலம் விட்டு ஒரு மணி நேரம் குலுக்கிக் காரத்தின் அளவைப் பார்க்க வேண்டும். எந்தப் புட்டியில் முதலில் 12.4 என்ற எண் தோன்றுகிறதோ, அதுவே அம்மண்ணுக்குக் குறைந்தபட்ச அளவு. அதற்குக் குறைந்தால் களி குணம் மாறும், ஆனால் பலம் ஏறாது. சாம்பலைச் சுண்ணாம்பைப் போல் இரண்டு முதல் நான்கு மடங்கு சேர்ப்பது வழக்கம். பிறகு அக்கலவையை அச்சில் திமிசுபோட்டு, ஈரத்தில் வைத்திருந்து, மேலே சொன்ன தாங்குசக்தியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஒரு ஊரின் கிழக்கு எல்லையில் எடுத்த மண்ணின் கணக்கு மேற்கு எல்லைக்குப் பொருந்தாமலும் போகலாம்.

இப்பொழுது ஒரு கிலோமீட்டர் ரஸ்தாவுக்குக் கணக்குப் பார்ப்போர், அகலம் 3.75 மீட்டர், திருத்தும் ஆழம் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக் கொள்ளட்டும். மண்ணின் கனம் 562 கன மீட்டருக்குச் சிறிது அதிகம். கன மீட்டருக்கு 1.6 டன் வீதம் உலர்ந்த மண் 900 டன். சுண்ணாம்பு நூற்றுக்கு 4 என்றால் 36 டன். சாம்பல் நூற்றுக்கு 12 என்றால் 108 டன். வெளியிலிருந்து வரவேண்டிய பாரம் மொத்தம் 144 டன், பத்து டன் லாரிக்குப் பதினைந்து நடை. அதே அளவு கனத்துக்குக் கல்லும் சரளையும் கொண்டு வந்தால் ஏறக்குறைய 1,100 டன், அதாவது நூற்றுப்பத்து நடை. சுண்ணாம்பின் விலை கல்லைவிட அதிகமென்பது உண்மையே. குவாரி பத்துக் கிலோமீட்டரில் இருக்கும் ஊருக்குக் கல்லே மலிவாய் முடியலாம். ஐம்பது கிலோமீட்டர் தூரத்திலிருந்து கல் வரவேண்டிய ஊருக்கு இக்கணக்கு வேறு விதமாய்த் திரும்பும். அந்தந்த ஊர்ச் சங்கம் தன் தூரத்தையும் தன் பக்கத்து விலையையும் போட்டுப் பார்க்க வேண்டியதே தவிர, பொதுவில் மலிவு என்றோ கிராக்கி என்றோ சொல்லுவது பொய்யாகும்.

சுண்ணாம்பைச் சுட்ட கல்லாக வாங்குவதிலும் ஒரு நயமுண்டு. சுத்தமான கற்சுண்ணாம்பு 100 கிலோவை நீற்றினால், ஜலத்தை உட்கொண்டு 132 கிலோ நீற்றின சுண்ணாம்பாகிறது. மேற்படி 36 டன்னுக்குக் காளவாயிலிருந்து 27 டன்னுக்குச் சிறிது அதிகமாய்க் கொண்டு வந்தால் போதும். ஆனால் கல்லை நீற்றும்போது கிளம்பும் சூடும் ஆவியும் பழக்கமில்லாதவர்களுக்கு ஆபத்தானவை. எந்தச் சுண்ணாம்பானாலும் வந்தவுடன் பரீட்சை பார்த்து வாங்க வேண்டும். அதில் நூற்றுக்கு 70 பங்குக்குக் குறையாமல் சத்து இருக்க வேண்டுமென்பது சர்க்கார் விதி. பழைய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மறுபடியும் வெறும் கல்லாகி விடுகிறது. ஒரு சிட்டிகையின்மேல் வீரியம் குறைந்த அமிலத்தில் இரண்டு துளி விட்டால், புதுச் சுண்ணாம்பு அநேகமாய்ப் பொங்காது. கெட்டுப் போனது நுரைத்துப் பொங்கும். மழைக்காலம் முழுவதும் கிழிந்த சாக்கில் கிடந்த சுண்ணாம்பை மலிவென்று வாங்கினவர்கள் காசைக் கொடுத்து மண்ணை வாங்கினவர்களே.

வேலை முறையில் கவனிக்க வேண்டியவற்றுள் முதன்மையானது கட்டி உடைத்தல். கரிசல் கட்டிக்குள் சுண்ணாம்பு நுழையாது. பச்சை நெல்லிக்காய் அளவு கட்டி உள்ளே களியாகவே இருந்து, மழை வந்ததும் அங்கே பள்ளம் விழும். ஆகையால் ரஸ்தாவின் மேல் மண்ணை உழுது, டிராக்டரின் சுழல் கலப்பையை மேலும் கீழும் ஓட்டி, மண் முழுவதும் விரற்கடை அளவுக்குக் குறைவாகவும், நூற்றுக்கு 80 பங்கு நெல்மணி அளவுக்கு மேற்படாமலும் பொடியாகும் வரை உழைக்க வேண்டும். மிகவும் ஒட்டும் மண்ணானால் சுண்ணாம்பை இரண்டு தவணையாகப் போடுவது நல்லது. முதற்பாதியைக் கலந்து ஈரப்படுத்தி ஒருநாள் ஆறவிட்டால், மறுநாள் கட்டிகள் தாமாகவே உதிரும்; பிறகு மற்றப் பாதியையும் சாம்பலையும் சேர்த்துக் கலக்கலாம். கடைசித் தடவை கலந்து ஜலம் விட்ட பின்பு சாவகாசம் கிடையாது. மூன்று மணி நேரத்துக்குள் ரோலர் ஓட்டி முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் ஏழு நாள் அந்தத் தளம் காயாமல் பார்த்துக் கொள்ளுவதும், வண்டி ஓடவிடாமல் காப்பதும் கல்யாண வீட்டுப் பந்தலைக் காப்பது போன்ற வேலை. ஈரச் சாக்கையோ வைக்கோலையோ பரப்பித் தண்ணீர் தெளித்து வர வேண்டும். அவசரக்காரர் ஒருவர் மூன்றாம் நாளே டிராக்டரை ஓட்டினால் கெடுவது அவருடைய ரஸ்தா மாத்திரமல்ல.

ஜலம் எவ்வளவு வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே யோசியாமல், பாதி வேலையில் நின்று போவதுண்டு. மண்ணின் ஈரம் நூற்றுக்கு 8 இருக்க, ரோலர் ஓட்டுவதற்கு 20 வேண்டுமானால், 900 டன் மண்ணுக்கு 1,08,000 லிட்டர் ஜலம் வேண்டும். ஏழு நாள் தெளிப்பதற்கு வேறு. இதை ஊர்க் குடிதண்ணீரில் எடுத்தால் பெண்கள் குடத்தோடு சண்டைக்கு வருவார்கள், நியாயமும் அவர்கள் பக்கத்தில்தான் இருக்கும். சித்திரை வைகாசியில் குளங்கள் வறண்டு விடுகிறபடியால், பருத்தி, கம்பு முதலியவை வீடு வந்து, குளத்தில் கொஞ்சம் ஜலமும், வேலையில்லாத கைகளும் மிச்சமிருக்கிற மாசி பங்குனி மாதங்களே இவ்வேலைக்கு ஏற்றவை. ஐப்பசிக்குள் தளத்துக்கு ஆறேழு மாதம் இறுகக் கிடைக்கிறது. உப்புத் தண்ணீர்க் கிணற்று ஜலத்தை உபயோகிக்கும் முன்பு பரீட்சிக்க வேண்டும்.

உப்பைப் பற்றிச் சொல்லும்போது, எல்லாவற்றிலும் பெரிய அபாயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். மண்ணிலோ ஜலத்திலோ சல்பேட் உப்பு மிகுந்திருந்தால், அது சுண்ணாம்போடும் களியிலுள்ள அலுமினாவோடும் கூடி ஊசி ஊசியான படிகமாகி, ஜலத்தை வாங்கி வீங்குகிறது. அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரத்து ஸ்டுவர்ட் அவென்யூ என்னும் ரஸ்தா, 1970-களில் சுண்ணாம்பிட்டுப் போடப்பட்டு, சில வருஷங்களுக்குள் இடமிடமாய் வீங்கி வெடித்தது. அதன் காரணத்தை மிட்செல் என்னும் மண் இயல் நிபுணர் 1986-ல் விளக்கினார். மருந்தே நோயானது அங்கே. கரிசல் பூமியில் சில இடங்களில் அடிமண்ணில் பளபளவென்று அபிரகத் தகடு போன்ற ஜிப்சத் துண்டுகள் தென்படுவதுண்டு; ஜிப்சமும் சல்பேட்டே. கிணறு வெட்டும்போது அவற்றைக் கண்டிருக்கிறவர்கள் அதை இஞ்சினீயரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சல்பேட் 0.2 சதவீதத்துக்கு மேற்பட்டாலும், இலை தழை மக்கிய சத்து 2 சதவீதத்துக்கு மேற்பட்டாலும் தனியாய் ஆராயாமல் தொடங்குவது தவறு. உரத் தொழிற்சாலைகளில் கழியும் ஜிப்சத்தைச் சாம்பலைப் போலவே எண்ணிச் சுண்ணாம்போடு கலந்து விடுவதும் இதே காரணத்தால் ஆபத்தானது. ஆலையில் கழிந்ததெல்லாம் ரஸ்தாவுக்கு ஆகும் என்கிற எண்ணம் பரவியிருக்கிறது, அது சரியன்று.

ஆகக்கூடியவை வேறு சிலவும் உண்டு. அசிட்டிலீன் வாயு செய்யும் சாலைகளில் கார்பைடு கரைந்து மிஞ்சும் வெண்சேறு பெரும்பாலும் நீற்றின சுண்ணாம்பே. அதை உலர்த்திச் சத்தைப் பரீட்சித்து உபயோகிக்கலாம். நெல் ஆலையின் உமிச் சாம்பல் மற்றொன்று. 1,000 கிலோ நெல்லில் சுமார் 200 கிலோ உமியும், அதை எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பலும் கிடைக்கும். சாம்பலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் சிலிக்கா. ஆனால் கண்டபடி கொழுந்து விட்டெரிந்த உமியின் சிலிக்கா படிகமாகி மந்தமாகிவிடும். மிதமான சூட்டில் எரிந்து சாம்பல் நிறமாய் நிற்பதே சுண்ணாம்போடு சேரும். தாமிரபரணிப் பாசனத்திலுள்ள சங்கங்களுக்கு இது அக்கரைச் சரக்கல்ல. மணற்பாங்கான ஊர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: களியில்லாத மண்ணில் சுண்ணாம்பு மட்டும் போட்டால் கூடுவதற்கு எதிராளி இல்லை, அங்கே சாம்பலும் சேர்ந்தால்தான் பலன்.

கூலியாட்களின் க்ஷேமத்தைச் செலவுப் பட்டியலின் கடைசியில் எழுதுவது வழக்கமாகி விட்டது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பட்டவுடன் கசக்காமல், ஓடுகிற சுத்த ஜலத்தில் பதினைந்து நிமிஷத்துக்குக் குறையாமல் கழுவி வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும். காற்றடிக்கும் வேளையில் சுண்ணாம்பைப் பரப்புவதே கூடாது. கண்ணாடி, கையுறை, முகத்துணி, முழுக்கைச் சட்டை ஆகியவற்றுக்குரிய பணத்தை முதலிலேயே எடுத்து வைக்க வேண்டும். சாம்பலை ஈரமாக்கி மூடிக் கொண்டு வர வேண்டும். அதிலுள்ள சில உலோகச் சத்துகள் ஜலத்தில் கசியக் கூடியவையாதலால், குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் ஊருணிக்கும் அருகில் கொட்டி வைக்கலாகாது.

சங்கத்து அங்கத்தினர்கள் இதில் என்ன செய்ய முடியும் என்ற கேள்வி நியாயமானது. ரஸ்தா போடுகிறவர்கள் பஞ்சாயத்து யூனியனும் இலாகாவும்தான். ஆயினும், கிராம சபையில் இன்ன பாதைக்கு மண் பரீட்சை செய்ய வேண்டுமென்று தீர்மானம் கொண்டு வருவதற்கும், வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்ப்பதற்கும் யாரும் தடை சொல்ல முடியாது. பார்ப்பதென்றால் வெறுமனே பார்ப்பதல்ல. மேலே சொன்ன கணக்கில் ஒரு சதுர மீட்டருக்கு 9.6 கிலோ சுண்ணாம்பு விழ வேண்டும். ஒரு மீட்டர் சதுரமான துணியைப் பாதையில் விரித்து, அதன்மேல் பரப்பினதைத் தூக்கித் தராசில் நிறுத்தால் ஒப்பந்தக்காரரின் யோக்கியதை ஐந்து நிமிஷத்தில் தெரிந்து விடும். கலந்த பின்பு ஒரு குழி தோண்டி, அதன் சுவரில் பினால்ப்தலீன் என்னும் திரவத்தைத் தெளித்தால் சுண்ணாம்பு சேர்ந்த மட்டும் ரோஜா நிறமாகும். 15 சென்டிமீட்டருக்குப் பதில் 8-லேயே நிறம் நின்று போனால் அளவுக் கோலை அங்கேயே நட்டு அதிகாரியை அழைக்கலாம். அந்தத் திரவம் பள்ளிக்கூடத்திலேயே இருக்கும்.

அதற்கு மேலும் போகலாம். சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மலையாள ஜில்லாவில், வடகரைக்கு அருகிலுள்ள ஊராளுங்கல் என்னுமிடத்தில், வேலை கிடைக்காத கூலிக்காரர்கள் 1925-ல் கூடி ஒரு கூட்டுறவுச் சங்கம் ஏற்படுத்திக் கொண்டார்கள். ஒப்பந்தக்காரர் இடையில் இல்லாமல் தாங்களே ரஸ்தா, பாலம் முதலிய வேலைகளை எடுத்துச் செய்து, அச்சங்கம் கேரளத்தின் பெரிய கட்டட ஸ்தாபனங்களில் ஒன்றாய் வளர்ந்தது. டிராக்டரும் சுழல் கலப்பையும் தண்ணீர் டாங்கியும் இன்று பல கிராமங்களில் இருக்கின்றன. ரோலர் ஒன்றுதான் வாடகைக்கு வேண்டும்.

இவ்வளவு செய்த தளமும் மேலே ஒரு போர்வை இல்லாமல் நிலைக்காது. சுண்ணாம்பிட்ட மண் பாரத்தைத் தாங்கும். சக்கரத்தின் தேய்ப்பைத் தாங்காது. ஜல்லியோ தாரோ அதன்மேல் வர வேண்டும். ரஸ்தாவின் நடு உயர்ந்து இருபுறமும் சரிய வேண்டும். ஓரத்தில் வாய்க்கால் வேண்டும். அவ்வாய்க்காலின் ஜலம் போய்ச் சேர ஓர் இடமும் வேண்டும். வாய்க்காலை வெட்டிவிட்டு அதன் முடிவை ஒருவர் வயல் வரப்பில் விட்டுவிடுவதால் எத்தனையோ ஊரில் வழக்கு நடக்கிறது. அந்தச் சச்சரவை மண் வெட்டும் முன்பே தீர்த்துக் கொள்ளுவது சங்கத்தாரால் ஆகக்கூடிய காரியம். ரஸ்தாவின் ஓரத்தை ஒட்டிச் சீமைக் கருவேல் மண்டியிருந்தால், அதன் வேர் கோடையில் அடியிலுள்ள களியின் ஈரத்தை உறிஞ்சி, ஓரத்தில் நெடுக வெடிப்பு விழச் செய்யும். வேலைக்கு முன்பே அவற்றை வேரோடு களைய வேண்டும். முதல் வருஷத்து ஐப்பசியில், மழை விட்ட அன்றே இரண்டு பேர் பாதையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்து, எங்கே ஜலம் தேங்கி நிற்கிறதென்று சுண்ணாம்பால் குறியிட்டு வர வேண்டும். அக்குறியிட்ட இடங்களில் வெடிப்பைத் தாரால் அடைப்பதும் ஓரத்து மண்ணை வெட்டி ஜலத்தை வடிப்பதும் அடுத்த மழைக்குள் முடிய வேண்டும்.